கவுன் போட்ட பையன்

அட்டுவம்பட்டி,
12.2.2025

அன்பு மகன் அருண்பாண்டியனுக்கு அப்பா கந்தவேல் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். திருப்பூரில் நீயும் ரோகிணியும் பேரன் சந்தோஷும் நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் என் குரல் கேட்டதும் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். அது தப்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. பங்களாத் தோட்டத்தில் காட்டுமாடு இறங்கி, நான் வைத்த பூச்செடிகளை மிதித்துப் போட்டுவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

போன வாரம் பங்களா மேடம் என்னை அலமாரி துடைக்கக் கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர் அமெரிக்காக்காரர் என்று உனக்குத் தெரியும். அவருடைய முன்னோர்களின் படங்கள் ஒரு பெட்டி நிறைய வந்திருக்கின்றன. எல்லாம் கண்ணாடி போலப் பளபளக்கிற தகட்டில் எடுத்தவை. ஒன்றில் நாலு வயசுப் பிள்ளை. தோள் தெரிகிற கட்டம் போட்ட கவுன், அதற்குக் கீழே லேஸ் வைத்த கால்சட்டை. பொம்பளைப் பிள்ளை லட்சணமாக இருக்கிறது என்றேன். மேடம் சிரித்துவிட்டு, அது பையன் என்றார்கள். அந்தக் காலத்தில் அங்கே ஆம்பளைப் பிள்ளைக்கும் அஞ்சாறு வயசு வரைக்கும் கவுன்தானாம். வகிடு ஓரமாக இருந்தால் பெரும்பாலும் பையனாம். பக்கத்தில் தாடி வைத்த அப்பா அவன் தோளில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். படம் விழுகிற வரை பிள்ளை அசையக் கூடாது என்று பிடித்திருக்கிறாராம்.

அந்தக் கையைப் பார்த்ததும் அதற்கு மேல் எனக்குச் சோலி ஓடவில்லை.

நானும்தான் பிடித்தேன். அப்போது உனக்கு அஞ்சு வயசு. உன் அக்கா முருகேஸ்வரிக்குக் காது குத்திய அன்றைக்கு நாயுடுபுரம் ஸ்டுடியோவுக்குப் போனோம். ஸ்வெட்டருக்குள் அக்காவின் பழைய கவுனைப் போட்டு வந்திருந்தாய். விளக்கு எரிந்ததும் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வெரசா முன்னால் வந்து நின்றாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் அத்தனை பேர் முன்னால் அதை உரித்தெடுத்தேன். நீ வெறும் உடம்பைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாய். உன்னை விட்டுவிட்டுப் படம் எடுக்கச் சொன்னேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தில் பையன் எங்கே என்று கேட்டால், அன்றைக்குக் காய்ச்சலில் கெடந்தான் என்று இத்தனை வருஷமும் பொய் சொன்னேன்.

அதோடு விட்டேனா? இந்தப் பொங்கலுக்குச் சந்தோஷ் அத்தை மகளின் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆடினான். மூணு வயசுப் பிள்ளை. எழுதவே கூசுகிறது. எழுதாவிட்டால் அதுவும் பொய். கையைப் பிடித்து இழுத்தேன். பிள்ளை பயந்து நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். நீ ஒரு சத்தம் போடவில்லை. என்னோடு போகட்டும் அப்பா என்று மட்டும் சொன்னாய். மறுநாள் வெள்ளனே பஸ் ஏறிவிட்டாய்.

நேற்று அம்மாவிடம் எல்லாம் பேசினேன். ஸ்டுடியோவில் நானும் வாயைத் திறக்கவில்லையே என்றாள். அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன்.

வெள்ளைக்காரர் வீட்டுப் படத்தைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வர வேண்டுமா என்று நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அப்படி ஒரு படம் உலகத்திலேயே இல்லாவிட்டாலும் நீ என் பிள்ளைதானே.

வா என்று கூப்பிட எனக்கு முகமில்லை. சந்தோஷுக்குக் கை வலி தீர்ந்ததா என்று அம்மாவிடமாவது சொல்லு. தாத்தா என்றால் இன்னும் பயப்படுகிறானா? பயந்தால் என் பேச்சை எடுக்க வேண்டாம். அவன் பிரியப்பட்டதை உடுத்தி, யார் முன்னாலும் கூசாமல் நிற்க வேண்டும். குறிஞ்சி ஆண்டவரிடம் தினமும் அது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

உன் முகம் பார்க்கக் கூசுகிற அப்பா,
கந்தவேல்