சபீனாவின் பிள்ளைக்குப் பால்

கார்த்திகை 1, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மண்டபம் ஊரின் பயிற்சிக்கூடத்தில் கூரை ஒழுகிப் பாதி நாற்காலிகள் ஈரம். துடைத்து முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

வந்திருப்பவர்கள் கரையோர ஊர்களின் சுகாதாரத் தன்னார்வலர்கள், எல்லோரும் பெண்கள். பேறுகாலத்தில் தாயையும் பிறந்த பிள்ளையையும் எப்படிப் பார்ப்பது என்று நான் இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். இவர்கள் ஊருக்குப் போய் மற்றப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும். பிரசவ வார்டில் இத்தனை வருடம் நர்ஸ் வேலை. கூட்டத்தின் முன் பேசுவது மட்டும் இன்னும் பழகவில்லை.

கடைசி வரிசையில் பாம்பன் நூர்ஜஹான் (இனி நூ.). முன்பு நண்டுக் கம்பெனியில் ஓடு உரித்தவள். ஏன் வந்தாய் என்று எல்லோரையும் கேட்டேன். அவள் மட்டும் நேராகச் சொன்னாள். "எங்க தெருவுல சபீனாவுக்கு இது நெற மாசம், சிஸ்டர். மாப்பிள்ள அரபு நாட்டுல, தம்மாம்ல. பெத்தவ உசுரோட இல்ல. மாமியா வீட்லதான் பேறு. நம்மளுக்கும் ரெண்டு வெவரம் தெரிஞ்சிருக்கணும்ல."

வாங்க வேண்டியவை: நாளைய பாடத்துக்குச் சிவப்புச் சாயம், துண்டு, முழங்காலுக்குத் தைலம்.

கார்த்திகை 2, செவ்வாய்

மழை இல்லை. காற்று மட்டும்.

இன்று பேற்றுக்குப் பின் வரும் ரத்தப்போக்கு. இடுப்பில் கட்டிக்கொள்ளும் பொம்மை வயிறு. உள்ளே சாயத் தண்ணீர், பக்கவாட்டில் ஒரு திருகு, திறந்தால் ரத்தம்போல வழியும். நான் கட்டிக்கொண்டு மேசையில் படுத்தேன். தொப்புளுக்குக் கீழே கை வைத்து, கருப்பை கெட்டிப்படும் வரை தேய்க்க வேண்டும், அழுத்த வேண்டும். கை சரியாக விழுந்தால் திருகை மூடுவேன், ரத்தம் நிற்கும்.

நூ. பூவைத் தொடுவதுபோலத் தொட்டாள்.

"வலிக்குமே, சிஸ்டர்."

"வலிச்சா வலிக்கட்டும். அழுத்தும்மா."

அழுத்தினாள். மூடினேன். "நின்னுருச்சு" என்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

மதியம் பாரை மீன் குழம்பு. உப்பு அதிகம்.

கார்த்திகை 4, வியாழன்

அமாவாசை. நூ. வரவில்லை. போனும் எடுக்கவில்லை. வகுப்பை நடத்தினேன், மனம் அங்கில்லை.

பிற்பகல் அவளே கூப்பிட்டாள்.

"வெள்ளனவே வலி கண்டுருச்சு, சிஸ்டர். ஆம்புலன்சுக்குப் போன் போட்டா, பாலத்துல நெரிசல்ங்குறாக. அதுக்குள்ள புள்ள வந்துருச்சு. ஆம்பளப் புள்ள, ரொம்பப் பொடிசு. தொடச்சேன். அழுதுச்சு. சபீனா நெஞ்சுல போட்டு மூடிவிட்டேன். புள்ளையப் பாத்து என்னமோ சொன்னா. அப்பறந்தான் ரத்தம்."

வண்டி வந்தும் பாலத்தில் ஊர்ந்துதான் போயிருக்கிறது. அமாவாசைக்குத் தீர்த்தமாட வந்தவர்களின் வேன்கள், கார்கள். வழி நெடுக நூ. சபீனாவின் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. இராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். நிற்கவில்லை. மதியத்துக்குள் சபீனா போய்விட்டாள். பிள்ளை அங்கேயே கண்ணாடிப் பெட்டியில்.

இரவுச் சாப்பாடு வேண்டாமென்று விட்டேன்.

கார்த்திகை 5, வெள்ளி

நூ. வந்துவிட்டாள். வருவாள் என்று நினைக்கவில்லை. மற்றவர்கள் வருமுன்பே வாசலில் நின்றாள்.

"நேத்து எப்படிக் கை வச்சேனோ அப்படியே வைக்கிறேன். சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

பொம்மை வயிற்றைக் கட்டிக்கொண்டு படுத்தேன். வைத்தாள். இடம் சரி. அழுத்தமும் சரி. முதுகெலும்பு வரை உறைத்தது.

"சரி" என்றேன்.

"தப்பில்லையா?"

"தப்பே இல்ல."

"பெறகு ஏன் செத்தா?"

கை மட்டும் சில சமயம் போதாது, ஊசியும் ரத்தமும் நேரத்துக்குக் கிடைக்க வேண்டும் என்று சொன்னேன். உண்மைதான். அது அவளுக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. தப்பு என்று நான் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள் என்று தோன்றியது. அழாமல் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

கார்த்திகை 6, சனி

கடைசி நாள். ஒவ்வொருவரும் ஆசிரியராக நின்று நடத்திக் காட்ட வேண்டும். நூ.வை விட்டுவிடலாம் என்றிருந்தேன். அவளாகவே வயிற்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

பயிற்சிக்கு வந்த இன்னொருத்தி, ஆரோக்கியமேரி, அழுத்தினாள். நன்றாகவே அழுத்தினாள். நூ. திருகை மூடவில்லை. சாயம் வந்துகொண்டே இருந்தது. மேசை, சேலை, தரை எல்லாம்.

"ஏக்கா, சரியாத்தான புடிச்சிருக்கேன்?"

"சரியாத்தான் புடிச்சிருக்க. நிக்கல. விட்டுருவியா?"

மேரி என்னைப் பார்த்தாள். பயிற்சிக் கையேட்டில் இப்படி இல்லை.

"விட மாட்டேன்க்கா."

"வண்டிக்கு யாரு சொல்றது? ரத்தம் குடுக்க யாரக் கூப்புடுவ? கை அங்கனயே இருக்கட்டும், வாயால ஆளக் கூப்புடு."

மேரி கத்திக் கூப்பிட்டாள். பின் வரிசையில் ஒருத்தி எழுந்து வெளியே போய் அழுதாள். கடைசிவரை திருகு மூடப்படவில்லை.

கார்த்திகை 10, புதன்

பாம்பன். நூ. கூப்பிட்டதால் போனேன். பிள்ளை நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மற்றத் தாய்மாரின் பால் கிடைத்தது. வீட்டில் பவுடர் பால். கரைத்துக் கொடுத்ததெல்லாம் வாந்தி. தொடைத் தோல் தொங்குகிறது.

அதே வீட்டில் சபீனாவின் நாத்தனார் ராயிசா, கைக்குழந்தையோடு. பெண் குழந்தை. நல்ல பால். கொடுக்கிறேன் என்கிறாள். சபீனாவின் மாமியார்தான் விடவில்லை.

"எங்க மார்க்கப்படி ராயிசா பால் குடுத்தா ஒடன்பொறந்ததுகளாயிரும், நர்ஸம்மா. பின்னால ரெண்டுக்கும் நிக்காஹ் முடிக்க ஏலாது. எம் மகனுக்குன்னு மிச்சம் இருக்கது இந்தப் புள்ள ஒண்ணுதான். சொந்தத்துலயே இந்தப் பொண்ணப் பாத்து வச்சிருக்கோம்னு இருந்தேன்."

அந்த அம்மாளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மருமகளை அடக்கம் செய்த வீடு. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நூ. வாதாடவில்லை. தம்மாமுக்கு வீடியோ போன் போட்டு, பிள்ளை முகத்துக்கு நேரே பிடித்தாள். சபீனாவின் கணவனுக்கு ஊருக்கு வர இன்னும் லீவு கிடைக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"உம்மா, ராயிசாவக் குடுக்கச் சொல்லுங்க" என்றான். போனை வைத்துவிட்டான்.

பிள்ளைக்குச் சப்பத் தெம்பில்லை. கையால் பாலைப் பீய்ச்சி எடுப்பது எப்படி என்று நூ. ராயிசாவுக்குக் காட்டிக்கொடுத்தாள். பிள்ளையின் சட்டையைக் கழற்றி ராயிசாவின் மார்போடு சேர்த்து, மேலே துணி போட்டாள். பாலாடையால் பிள்ளை வாயில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அவசரமே இல்லை. நான் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"இனி இதுக ரெண்டும் ஒடன்பொறப்பு" என்றார் மாமியார், சுவரைப் பார்த்து.

"ஆமா உம்மா" என்றாள் ராயிசா.

பாதி வழிந்துவிட்டது. மிச்சத்தை விழுங்கினான்.