வலிக்காத கை

ஜனவரி 12, ஞாயிறு

இன்று குத்துச்சண்டைக் கொட்டகையில் இருந்தவர்கள்: மாஸ்டர், அவருக்கு முன்னால் நடந்து வரும் அவர் தொப்பை, என் மகன், மருமகள், பேத்தி, அவளோடு மோதிப் பழகும் பெண், நான். அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் தூண். ஒருத்தரையும் விடாமல் எழுதிவிட்டேன். பின்னால் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்பார்கள். இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியாதா.

தலையில் அடி படுமே என்றேன். மாஸ்டர் ஒரு ஜோடி கிளவுஸை என் மடியில் போட்டார். ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு.

“தலையணை மாதிரி பாட்டி. கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காது.”

“அப்போ தலையணையாலயே அடிச்சுக்கட்டுமே. நீங்க எதுக்கு நடுவுல?”

மகன் சிரித்தான். “அம்மாவுக்கு எதைப் பாத்தாலும் பயம்.”

என் கையில் மாட்டிவிட்டுச் சுவரில் குத்தச் சொன்னார்கள். குத்தினேன். நல்ல சத்தம். கைதட்டினார்கள். மருமகள் போட்டோ எடுத்தாள். அவள் எதைத்தான் எடுக்க மாட்டாள்.

ஜனவரி 13

அவ்வளவு பலமாகக் குத்தியும் எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜனவரி 20

சமையலறைச் சுவரில் வெறுங்கையால் குத்திப் பார்த்தேன். கை தானாகவே பாதி வழியில் நின்றுவிட்டது. வெறுங்கைக்குப் பயம் உண்டு. பஞ்சுக்குள் போன கைக்கு அது போய்விடுகிறது.

கல்யாணமான வருஷம் என் வீட்டுக்காரர் என்னைக் குத்த வந்தார். நான் குனிந்தேன். குத்து மண்டையில் பட்டு அவர் சுண்டுவிரல் முறிந்தது. கட்டு அவிழ்க்கும்வரை நான்தான் ஊட்டிவிட்டேன். அதன்பிறகு சாகும்வரை கை ஓங்கவில்லை. மனுஷன் திருந்திவிட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். திருந்தினாராம். விரல் வலித்தது, அவ்வளவுதான். அந்த ஆளுக்கு இந்தப் பூசணிக்காய் கிடைத்திருந்தால் நான் இன்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேனா?

மகனிடம் சொன்னேன். “காலையிலயே ஆரம்பிச்சுட்டியா” என்றான்.

பிப்ரவரி 9

“பாட்டி, சாப்டாச்சா?” என்று பேத்தி மறுபடி மறுபடி கேட்கிறாள். எனக்குச் சோறு போட்டதே அவள்தான்.

முகத்தில் ஒரு கீறல் இல்லை. மகனுக்கு அதில் பெருமை வேறு. “பாரும்மா, ஒரு சொட்டு ரத்தம் உண்டா?” தலைவலிக்கிறது என்று அவள் சொன்னதற்கு, இன்னும் தடியான கிளவுஸ் போட்டால் சரியாகும் என்றாராம் மாஸ்டர். பெரிய வைத்தியர். மகன் ஓடிப்போய் வாங்கி வந்தான், தூணுக்கும் சேர்த்து.

பிப்ரவரி 16

கொட்டகைக்குப் போய்த் தூணை ஓரமாகக் கூப்பிட்டேன்.

“ஏண்டி அவளை இந்தப் போடு போடுற?”

“பழைய கிளவுஸ்ல எனக்கே கை வலிக்கும் பாட்டி. பாத்துப் பாத்து அடிப்பேன். இதுல ஒண்ணும் தெரியல. மாஸ்டர்கூட போதும்னார். அங்கிள்தான் கயித்துப் பக்கம் நின்னுக்கிட்டு, ‘வலிக்காதும்மா, நல்லா போடு, அவ தாங்கிப் பழகட்டும்’னு…”

எந்த அங்கிள் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கத்தினேன். மகன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

மார்ச் 2

விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில இருக்கா. எழுத வரல.

மார்ச் 5

டாக்டரம்மா சொன்னார்: “கிளவுஸ் குத்துறவங்க கையைத்தாம்மா காப்பாத்தும். மண்டைக்குள்ள குலுங்குறதை அது நிறுத்தாது.” இனி குத்துச்சண்டை கிடையாது. ஞாபகம் மெல்லத் திரும்பலாம் என்றார். திரும்பும் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

மாஸ்டர் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுவிட்டுப் போனார்.

பேத்தி கதை கேட்டாள். தாத்தாவின் சுண்டுவிரல் கதையைச் சொன்னேன். விரல் முறிந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். நேற்றும் அந்த இடத்தில்தான் சிரித்தாள். முந்தாநாளும். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு.

மகன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து, “அவ என்கிட்ட நல்லாத்தான் பேசுறாம்மா. மன்னிச்சுட்டா” என்றான்.

மன்னிச்சாளாம். அவளுக்கு ஞாபகமே இல்லையேடா. எனக்கு இருக்கிறது.

மாஸ்டர் பிழைப்புக்குப் பேசினார். சொன்னதைச் செய்தது தூண். அவர்களையெல்லாம் விட்டுவிடுவேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்காது என்றானே, அவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். நான் பெற்றவனை. என் மகனை.