பாயா நாற்காலியா

அன்பு மகள் வெனிங்குக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய கூண்டுப் புறாவும் நலமாக இருக்கிறோம், அங்கே குளிரில் நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் தினமும் என் கவலை. நலம் என்று நான் எழுதுவதை இந்த முறை தைரியமாக நம்பலாம், கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மழை இந்த வருஷம் முன்னதாகவே பிடித்துக்கொண்டது, கொல்லையில் போட்ட கச்சோலக் கிழங்கு பாதி அழுகிவிட்டது, மீதியைப் பிடுங்கிக் காயவைத்திருக்கிறேன்.

என் மூட்டுவாதப் பிளாஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். போனில் நீ சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. இஞ்சி, கச்சோலம், கிராம்பு எண்ணெய் எல்லாம் சேர்த்த என் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டவர்களும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், மருந்தே இல்லாமல் வாசனைக்கு ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் மட்டும் விட்ட வெறும் பசையை ஒட்டிக்கொண்டவர்களும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். நீயோ, "அம்மா, வெறும் பசையே குணமாக்குதுன்னா உங்க மருந்துல மருந்து எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டாய். பெற்ற பெண்ணா இப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். ஆனால் நீ கேட்டது சரிதான். சோலோ நகரத்தில் இருக்கும் மருத்துவப் பேராசிரியரும் இதையேதான் கேட்பார், அவர் ஒப்புக்கொண்டால்தான் பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் கொல்லைக் கொட்டகையைப் பூட்டிவிட்டு நான் டிவி பார்க்க வேண்டியதுதான். மூலிகைக் கம்பெனியில் காலமெல்லாம் கலவை பார்த்தவள் நான், ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று செய்தது இது ஒன்றுதான். ஆரம்பத்தில் பசை வியர்வைக்குத் தாங்காமல் முழங்காலில் ஒட்டியது செருப்பில் கிடந்தபோது தெருவே சிரித்தது, அப்புறம் கடற்பாசிப் பசைக்கு மாறித்தான் நின்றது. அதையெல்லாம் தாண்டி வந்தவள் உன் ஒரு கேள்விக்கா உட்கார்ந்துவிடுவேன்?

தப்பு எங்கே என்று துக்கினெம் அக்காதான் தன்னை அறியாமல் காட்டிக்கொடுத்தாள். கோழிக்குத் தவிடு வாங்க வந்து வாசற்படியில் உட்கார்ந்தவளிடம் முழங்கால் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். "அட, ரொம்ப நல்லாருக்கு, உன் கை ராசியான கை" என்று சொல்லிக்கொண்டே கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு முனகாமல் எழுந்திருக்கப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊர்க்காரர்களுக்குக் கொடுத்தவர் முகம் வாடக்கூடாது, விஷத்தைக் கொடுத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் ருசியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். நானும் அதே ஊர்க்காரி, அந்த உபசார வார்த்தையை எல்லாம் மருந்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டு குதித்திருக்கிறேன். இனிமேல் வாயைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன்.

கொட்டகைக்குக் கூரை மாற்றியதைச் சாக்காக வைத்து பிளாஸ்திரி ஒட்டிக்கொண்ட எல்லோரையும் மஞ்சள் சோற்று விருந்துக்குக் கூப்பிட்டேன். பிளாஸ்திரி ஒட்டும் முன் இவர்களில் ஒருவராலும் தரையில் உட்கார முடியாது, எல்லோருக்கும் நாற்காலியில்தான் தொழுகை என்பது உனக்குத் தெரியும். கூடம் நிறையப் பாய் விரித்தேன், சுவரோரமாக நாற்காலியும் போட்டேன். மற்றவர்கள் கீழே இருக்கும்போது மேலே உட்கார நம்மவர்கள் கூசுவார்கள், வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிடுவார்கள், அதனால் வீட்டுக்காரி நானே முதலில் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். "என்ன அக்கா, ராணி மாதிரி மேல ஏறிட்டீங்க?" என்று கேலி செய்தார்கள், சிரித்துக்கொண்டே இருந்தேன். யாருக்கு எந்தப் பிளாஸ்திரி என்பது அவற்றைப் பிரித்துக் கொடுத்த நர்ஸ் ஹர்னிக்கு மட்டும்தான் தெரியும், அதுவரை என்னிடம்கூட அவள் சொன்னதில்லை. எல்லோரும் போன பிறகு யார் பாயில் உட்கார்ந்தார்கள், யார் கையூன்றாமல் எழுந்தார்கள் என்று நான் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொருவரும் ஒட்டியிருந்தது எது என்று சொன்னாள். மகளே, பாயில் உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் மருந்தை ஒட்டியவர்கள். நாற்காலிக்குப் போனவர்கள் பெரும்பாலும் வெறும் பசைக்காரர்கள், துக்கினெம் அக்காவும் அதில்தான். மருந்தை ஒட்டியும் நாற்காலிக்கே போனவர்கள் சிலர் உண்டு, எல்லோருக்கும் கேட்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் மருந்தில் மருந்து இருக்கிறது.

அன்றைக்கு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா, உன் அப்பா. தினமும் காலையில் "ஜம்முன்னு இருக்கு, ஓடலாம் போல இருக்கு" என்று சொன்ன மனிதர். ஹர்னி அவருக்குக் கொடுத்திருந்தது வெறும் பசை. எனக்கு வந்ததே கோபம், ஏன் பொய் சொன்னீர்கள் என்று பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தம் போட்டேன். அவர் மெதுவாக, "நாள் பூரா இஞ்சி அரைச்சு உன் கையெல்லாம் எரியுது. வலிக்குதுன்னு எந்த வாயால உங்கிட்ட சொல்றது?" என்றார். அழுதுவிட்டேன். மறுநாளே அசல் பிளாஸ்திரியை ஒட்டிவிட்டேன், எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கூண்டைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்து புறாவுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தார், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேராசிரியரிடம் அடுத்த வாரம் போகிறேன், வாயைக் கேட்காதீர்கள், உட்காரவும் எழவும் சொல்லிப் பாருங்கள் என்று அவருக்கும் சொல்லப் போகிறேன்.

காலுறை இல்லாமல் நடக்காதே, வெறும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் காயப்போடாதே, பெருநாளுக்கு லீவு கேட்க இப்போதே சொல்லி வை. ஆண்டவன் உன்னைக் காப்பாற்றட்டும், உன் படிப்பும் உடம்பும் ஓங்கட்டும். பார்சலில் பிளாஸ்திரி ஒரு கட்டு வைத்திருக்கிறேன், தோலைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டு. யாருக்கு என்று கேட்காதே. போன வாரம் வீடியோவில் நல்லா இருக்கேம்மா என்று சொல்லிக்கொண்டே மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாயே, நான் பார்த்தேன். நீ உன் அப்பாவின் மகள். அம்மாவிடம் வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே எழுது.

உன் அம்மா
வுர்யானி
சுகோஹார்ஜோ