கத்தரித்த படம்

என் வாலுக்குட்டிக்கு,

இந்த வாரம் ஆய்வகத்தில் ஒரு தட்டை மீன் என்னைப் படாதபாடு படுத்திவிட்டது. அதன் சொந்தக்கார மீன்களுக்கெல்லாம் செல்லுக்கு நாற்பத்தெட்டு குரோமோசோம், இதற்கு நாற்பத்தாறுதான். நுண்ணோக்கியில் எடுத்த படத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஜோடியாக ஒட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் நீ பசை தடவித் தருவாயே, அதே வேலை.

இரண்டைத் தொலைத்துவிட்டோம் என்று மூன்று நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். கடைசியில் உதவிக்கு இருக்கும் பெண்தான் சொன்னாள்: "மேடம், எதுவும் தொலையலை. எந்தக் காலத்துலயோ நாலு சேர்ந்து ரெண்டாயிருக்கு. பாருங்க, இந்த ஜோடி மட்டும் எவ்வளவு பெருசு! மீன் நல்லாத்தானே நீந்துச்சு?"

நீ அனுப்பிய கல்யாணப் படத்தைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை, இல்லையா? அதே கத்தரிக்கோலால் உன்னை மட்டும் வெட்டி எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். உன் கணவர் இருந்த மற்ற பாதி இழுப்பறையில் கிடந்தது. அவர் தோளில் நீ வைத்த விரல்களும் அதோடு போயிருந்ததை இன்றுதான் கவனித்தேன்.

ஒட்டிவிட்டேன். உன் கை இப்போது முழுசாக இருக்கிறது. நடுவில் கோடு தெரிகிறது; நீங்கள் வரும்போது மாப்பிள்ளை கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

அவசரக்குடுக்கை,
உன் அம்மா