முன்னால் கிடந்த கம்பி

இன்று காலை அடுத்த வளவில் ஆட்டுத்தலை வாட்டினார்கள். கருகிய மயிரின் மணம் வேலி தாண்டி வந்தது. கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கு மணந்தது, சிநேகிதரே, உம்முடைய அண்ணையின் கை. நான் எழுத்தறியாதவன், சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

கொழும்பில் சனம் சாப்பிடப் பாண் வாங்க வரிசையில் நின்ற காலம் அது. யாழ்ப்பாணத்தில் மிளகாயும் வெங்காயமும் செய்தவன் கல்வீடு கட்டினான். நெடுந்தீவில் எங்களுக்கு மாடுதான் மிளகாய். அந்த வருடம் மாடுகளுக்குக் குறி சுடும் நாளுக்கு நீர் லீவில் வந்திருந்தீர். கொழும்பில், கந்தோரில் ஓர் அறை நிறைந்த கம்பியூட்டரோடு உமக்கு வேலை. அது என்ன செய்யும் என்று முதல்நாள் பின்னேரம் இறங்குதுறையில் கேட்டேன்.

"அதுக்குள்ளை கன வேலைக்காரர் இருக்கினம் எண்டு வையும், கந்தையா. ஒருத்தன் கணக்குக் கூட்டுவான், ஒருத்தன் கணக்குப் பெருக்குவான். வேண்டியதைக் கையிலை குடுத்துக் கூப்பிட்டால் பிழையில்லை. ஆனா எல்லாருக்கும் பொதுவா ஒரு பெட்டி கிடக்கு. முந்தினவன் அதுக்குள்ளை விட்டிட்டுப் போனதை அடுத்தவன் தடவி எடுத்து வேலை செய்வான். கூப்பிட்டவனுக்கு அது தெரியாது."

"அப்ப பெட்டியைத் தூக்கிக் கடலிலை போடும்."

"அதுக்குத்தான் நாங்கள் கொஞ்சப்பேர் மெசினுக்குப் புதுப் பாஷை ஒண்டு கட்டுறம். அதிலை பெட்டி இல்லை. கையிலை குடுத்ததை மட்டுந்தான் தொடலாம். கந்தோர்ப் பெரியவர் சிரிக்கிறார். பெட்டி இருந்தால் சுகமாம்."

மறுநாள் பட்டிக்குள் நான் கயிறு பிடித்தேன். உம்முடைய அண்ணை குறி சுட்டார். மாட்டுக்காரன் "சுடு" என்பான். அண்ணை மாட்டின் தொடையில் கண்ணை வைத்தபடியே பின்னால் கை நீட்டி, நெருப்பில் முன்னால் கிடக்கும் கம்பியை எடுப்பார். யாருடைய மாடு விழுந்து கிடக்கிறதோ அவருடைய கம்பிதான் முன்னால் கிடக்க வேண்டும். அப்படித்தான் காலங்காலமாக நடந்தது. மரியான் என்ற மாட்டுக்காரரின் கடைசிக் கிடாரியை விழுத்தியிருந்தோம். அடுத்தது தங்கள் முறை என்று செல்லையரின் ஆள் தங்கள் கம்பியை முன்னால் தள்ளிவிட்டு விறகுக்குப் போயிருந்தான். மரியான் "சுடு" என்றார். புகை விலகியபோது கிடாரியின் தொடையில் செல்லையரின் குறி.

தீவில் குறிதான் மாட்டுக்கு உறுதிப் பத்திரம். சுட்டதை அழிக்க ஏலாது.

"செல்லையன் உனக்கு என்ன தந்தவன்?" என்றார் மரியான்.

"முன்னாலை கிடந்ததை எடுத்தனான், மரியான்..."

அண்ணை முடிக்கவில்லை. மரியானின் மகன் அவரை மண்ணில் விழுத்தி, முழங்காலால் அழுத்தி, வலக்கையை விரித்துப் பிடித்தான். மரியான் அதே கம்பியை உள்ளங்கையில் வைத்து அமத்தினார். கயிற்றை விட்டு ஓடினேன். ஒரு கல் என் நெற்றியைப் பிளந்தது. உம்மை மரியானின் ஆட்கள் மதிலோடு சேர்த்து நெரித்துப் பிடித்திருந்தார்கள். அண்ணை மண்ணைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

விட்டதும் நீர் கொடுவாக் கத்தியோடு மரியானின் வீட்டுக்குப் போனீர். "விடும் காணும், வழக்கு வைப்பம்" என்று பின்னால் ஓடினேன். நீர் திரும்பவில்லை. முற்றத்தில் முதல் வெட்டிலேயே மரியானின் இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. அவர் முழங்காலில் விழுந்தார். கழுத்துக்கு ஓங்கினீர்.

"வெட்டடா," என்றார் மரியான். "நான் சுடு எண்டுதானே சொன்னனான். ஆரின்ரை குறி எண்டு உன்ரை கொண்ணன் கேட்டவனே?"

"நீ சொன்னனியே?"

"நான் ஏன் சொல்லோணும்? முன்னாலை கிடக்கிறது என்ரைதானே."

கத்தி மேலேயே நின்றது. "அதை மாத்தினதை நீ கண்டனியோ?" என்று கேட்டீர்.

"இல்லை."

"அண்ணையும் காணேல்லை," என்றீர். பிறகு மெல்ல, "பெட்டி" என்றீர். இறங்குதுறையில் நீர் சொன்னதைக் கேட்ட எனக்கு மட்டுந்தான் அது விளங்கியது. கத்தியைப் போட்டுவிட்டு, போட்டிருந்த சேர்ட்டைக் கிழித்து அவருடைய கையைக் கட்டினீர். பனைமட்டை வெட்டும்போது கத்தி வழுக்கியதென்று ஆசுப்பத்திரியில் மரியான் சொன்னார்.

அடுத்த வருடம் பட்டியில் எழும்பி நின்று சொன்னீர். சுடுகிறவர் நெருப்பில் கை வைக்கக் கூடாது; மாட்டுக்காரனே கம்பியை எடுத்து, யாருடைய குறி என்று சொல்லிக் கையில் கொடுக்க வேண்டும்; சுட்ட கம்பி நெருப்புக்கல்ல, அவன் கைக்கே திரும்ப வேண்டும். "மெசினுக்குப் படிச்சவர் இப்ப மாட்டுக்கும் பாஷை படிப்பிக்கிறார்" என்றார் செல்லையர். சிரிப்புக் கிளம்பியது. மரியான் சிரிக்கவில்லை. மூன்று விரலால் கம்பியை எடுத்து அண்ணையின் இடக்கையில் கொடுத்தார். "மரியான்ரை குறி" என்றார்.

பிறகு வந்த கலவரத்தில் கொழும்பில் உம்மை பஸ்ஸிலிருந்து இழுத்து இறக்கினார்களாம். உம்மை முன்பின் கண்டறியாதவர்கள். பொல்லாலும் இரும்பாலும் அடித்தார்களாம். உடல் வரவில்லை. நீர் கட்டிய பாஷை என்ன ஆனது என்று சொல்லவும் ஒருவரும் வரவில்லை.

இன்றைக்கும் யாராவது "அதை எடு" என்றால், எது, யாருடையது என்று கேளாமல் நான் கை நீட்டுவதில்லை. கிழவனுக்குக் காது போய்விட்டது என்கிறாள் மகள். அவள் நினைத்துக்கொள்ளட்டும்.

அண்ணை போய்விட்டார். மரியானும் செல்லையரும் போய்விட்டார்கள். போன மாரியில் ஒருவர் பொல்லூன்றி என் படலைக்கு வந்து, இத்தனை வருடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அன்று நீர் கத்தியை ஓங்கி நின்றபோது, கதவுக்குப் பின்னால் அவர் கோடாலியோடு நின்றாராம். கத்தி இறங்கியிருந்தால் உம்முடைய மண்டையும் பிளந்திருக்கும். "அவர் கத்தியைப் போட்டார், நானும் போட்டிட்டன்" என்றார். அண்ணையின் கையை விரித்துப் பிடித்தவரும் அவர்தான். என்னைத் தவிர அந்த நாளை அறிந்தவர்களில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவரே, மரியானின் மகன் அந்தோனி.