வேப்பிலையைத் தாண்டிப்போன அம்மா

என் ஆசை அம்மாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கான நினைவு மலர் அச்சுக்குப் போகப்போகிறது. சொந்தக்காரர் எல்லோரும் உங்கள் கணவாய் மீன் கறியைப் பற்றியே எழுதித் தந்திருக்கிறார்கள். உங்கள் துணிச்சலைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் எழுதாமல் யார் எழுதுவது?

ரவியை நான் பார்த்ததில்லை. எனக்கு அண்ணன், ஆனால் இரண்டு வயதிலேயே போய்விட்டவன். அவனுக்குச் சின்னமுத்து, அதாவது தட்டம்மை, கண்டபோது, இது அம்மாள் வருத்தம், வேப்பிலை கட்டிய வாசலைத் தாண்டிப் பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது, ஊசி போட்டால் அம்மாள் கோபிப்பாள் என்று கொழும்பில், கொட்டாஞ்சேனை வீட்டில் எல்லோரும் உங்களைத் தடுத்தார்கள். அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும், நீங்கள் யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள். ஊசி போட்டார்கள்; ஆனால் பிந்திவிட்டது.

செத்த வீட்டில் அப்பாவின் அக்கா, அதுதான் மாமி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னாராம்: "பெத்த பிள்ளையை ஊசி போட்டுச் சாக்காட்டிப் போட்டாள்." அப்பாவும் அதை மறுக்கவில்லை. அந்தப் பழி உங்கள்மேல் ஒட்டிக்கொண்டது.

எனக்கு ஐந்து வயதில் அதே சின்னமுத்து வந்தது. மாமி வாசலை மறித்து நின்றது இன்னும் நினைவிருக்கிறது.

"ஒண்டைச் சாக்காட்டினது காணாதோ?"

"தள்ளுங்கோ மச்சாள். பிள்ளைக்கு மூச்சு வாங்குது."

"இதுக்கும் ஏதும் நடந்தா?"

"நடந்தா அந்தப் பழியையும் நானே சுமக்கிறன். விடுங்கோ."

பட்டப்பகலில், எங்கள் ஒழுங்கைத் தெருவே வேடிக்கை பார்க்க, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தீர்கள். தலையைக்கூடக் குனியவில்லை. எப்படி அம்மா முடிந்தது? நானும் செத்திருந்தால் உங்களை அந்த வீட்டில் வைத்திருப்பார்களா? நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையில் நெஞ்சு நிறைகிறது.

நான் பிழைத்து வந்தபிறகு அந்த ஒழுங்கையில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய்மார் உங்களைத்தான் தேடி வந்தார்கள். மாமி மட்டும் கடைசிவரை தான் சொன்ன பழியைத் திருப்பி எடுக்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

நேற்று மாமியின் மகன் போன் எடுத்துப் பேசினார். "மலரில ரவியின்ர பேரைப் போடாதையும். பழைய கதையை ஏன் கிளறவேணும்?" என்றார். மரண அறிவித்தலிலும் அப்படித்தான் உங்களை எனக்கு மட்டும் தாயாக்கிவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த நான் கவனிக்கவில்லை. இந்த முறை விடமாட்டேன் அம்மா. உங்கள் பிள்ளைகள் என்ற இடத்தில் ரவியின் பெயர்தான் முதலில் வரும். யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடியே சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் மகள்,
ரவியின் தங்கை
வசந்தி