கட்டின அன்னிக்கே மாறாது

என் மகளோட அப்பாவுக்கு,

"மூணு மாசத் தவணையும் மொத்தமா கட்டிட்டேன், போதுமா?"ன்னு நேத்து மெசேஜ் அனுப்பியிருந்தீங்க. போதாது.

கார் கடன் நம்ம ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. ஓட்டுறது நீங்க, கிரெடிட் ஸ்கோர் விழுந்தது எனக்கும்தான். சொந்தமா சலூன் வைக்க இன்னைக்கு லோன் கேட்டுப் போனேன். பாங்க் மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அதான் கட்டியாச்சே சார்!"

"கட்டின அன்னிக்கே ஸ்கோர் மாறாதும்மா. கார் கடன் கொடுத்தவங்க அடுத்த தடவை விவரம் அனுப்பின பிறகுதான் மாறும். அப்பவும் கொஞ்சம்தான் ஏறும். தவணை தவறினது வருஷக்கணக்கா தெரிஞ்சுகிட்டே இருக்கும்."

பத்து வருஷமா அடுத்தவங்க கடையில நின்னு நின்னு கால் வீங்கினவ நான். ஒரு கரண்ட் பில்கூட நாள் தவறிக் கட்டினதில்லை. நீங்க செஞ்சதுக்கு நான் ஏன் தலைகுனியணும்?

கடைசியா, "உங்க வீட்டுக்காரரை ஒருதரம் கூட்டிட்டு வாங்க"ன்னார். நீங்க வீட்டை விட்டுப் போய் எட்டு மாசம் ஆச்சு. "வெளியூர் போயிருக்கார் சார்"னு சொன்னேன். அங்கேயும் உங்க மானத்தைத்தான் காப்பாத்தியிருக்கேன்! என் வாயிலயே ரெண்டு போடணும்போல இருக்கு.

இப்படிக்கு,
கடன் பத்திரத்துல உங்க பேருக்குக் கீழே கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டவள்.